சிவானந்தன் வீட்டுப் பலகை நிலம்

கொட்டாஞ்சேனையில் புளோறன்ஸைப் பற்றி விசாரித்தால், "ஆர், பலகை ஒட்டுற மனுசியோ?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். வீட்டு நிலத்தில் கொங்கிறீற்றின் மேல் தேக்குப் பலகைத் துண்டுகளைக் கம் பூசி ஒட்டி, தேய்த்து, பொலிஷ் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். கொழும்பு முழுக்கத் தேடினாலும் அந்த வேலைக்கு இன்னொரு பெண்ணைக் காண்பது அரிது. அவள் கையில் கம் காய்ந்து உரிந்துகொண்டே இருக்கும். வாய் மட்டும் ஒருநாளும் காயாது. பழைய கம் வாளியைக் கடைக்காரன் அவள் தலையில் கட்டப் பார்த்தால், அவனுடைய பாட்டன் வரைக்கும் இழுத்துவைத்துப் பேசிவிட்டுத்தான் அடங்குவாள்.

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவாள். பூசையில் எல்லாரும் சேர்ந்து செபம் சொல்லும்போது, எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல என்கிற அந்த இடம் வந்தால் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள். குருவானவர் கொடுக்கிற நன்மை அப்பத்தை எடுக்கவும் எழுந்து போகமாட்டாள். பக்கத்து வாங்கில் இருக்கிற பெண்கள் குசுகுசுப்பார்கள், குசுகுசுக்கட்டும். ஒருவனை மனதுக்குள் தினமும் அறுத்துக்கொண்டிருந்துவிட்டு, கடவுளுக்கு முன்னால் நல்லபிள்ளைக்கு நடிக்க அவளுக்கு வராது.

அந்த ஒருவன் பெயர் சிவானந்தன். வெள்ளவத்தையில் மாடிவீடுகள் கட்டி விற்கிற எஞ்சினியர். நேரில் கண்டால் "சேர்" என்பாள். மனதுக்குள் அவன் வெறும் "அவன்"தான். நாமும் அவள் மனதோடு போகிற ஆட்கள் என்பதால், அவன் என்றே சொல்லிவிட்டுப் போவோம்.

தொழில் முதலில் புளோறன்ஸின் புருசன் றொபேட்டினுடையது. சிவானந்தன் கட்டிய வீடுகளுக்கெல்லாம் பலகை நிலம் போட்டது றொபேட்தான். வேலையில் அவன் ஒரு பிடிவாதக்காரன். புதுக் கொங்கிறீற் மேலே வெளுத்துக் காய்ந்து, தொட்டால் தூள் ஒட்டும். உள்ளே ஈரம் ஒளிந்துகொண்டு இருக்கும். அதுவும் கடற்கரைப் பக்கம், கீழ்த்தட்டு வீடென்றால், மண்ணில் இருந்தும் ஈரம் ஏறிக்கொண்டே வரும். ஆகவே றொபேட் ஒரு பொலித்தீன் துண்டை நிலத்தில் விரித்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ரேப் ஒட்டி, விட்டுவிட்டுப் போய்விடுவான். அடுத்த நாள் வந்து பார்க்கும்போது பொலித்தீனின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால், பலகை ஒட்டமாட்டான். வீட்டுக்காரர் காலில் விழுந்தாலும் ஒட்டமாட்டான். காயவிடுவான், அல்லது தார்ப் பூச்சு இரண்டு கை பூசி ஈரத்துக்கு வழியடைத்துவிட்டு ஒட்டுவான். ஈரத்தின் மேல் ஒட்டிய பலகை கீழிருந்து தண்ணீரைக் குடித்து ஊதும். ஊதிய பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி, கம்மைப் பிய்த்துக்கொண்டு மேலே எழும்பும். இதெல்லாம் சிவானந்தனுக்கும் நன்றாகத் தெரிந்த விஷயம். அதனால்தான் அவன் றொபேட்டை விட்டு வேறு ஆளைத் தேடியதில்லை.

கோட்டையில் குண்டு வெடித்த வருடம், வெள்ளவத்தையில் வேலை முடித்து வீட்டுக்கு வரும் வழியில் காலி வீதியில் பொலிஸ்காரர் பஸ்ஸை மறித்து றொபேட்டை இறக்கினார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் மன்னார் என்று இருந்தது. வேறு குற்றம் வேண்டுமா என்ன? புளோறன்ஸ் பொலிஸ் நிலைய வாசலில் போய் நின்றாள். துரத்தத் துரத்தத் திரும்பி வந்து நின்றாள். கடைசியில் ஒரு சார்ஜன் மனமிரங்கி, வேலை கொடுக்கிறவர் இந்த ஆளைத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், விட்டுவிடுகிறோம் என்றான். அவள் சிவானந்தனின் நம்பரைச் சொன்னாள். சார்ஜன் அவள் கண்முன்னாலேயே போன் அடித்துப் பேசினான். வைத்துவிட்டு அவளை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"மஹத்தயா கியனவா, அந்துனன்னே நே கியலா."

ஐயா சொல்கிறார், தெரியாதாம். றொபேட்டை அங்கிருந்து எங்கோ தெற்கில் ஒரு தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கண் மஞ்சளித்துச் செங்கமாரி பிடித்து, பெட்டியில்தான் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி வந்தான். செத்தவீட்டுக்குச் சிவானந்தன் வரவில்லை. பெயர் எழுதாத ஒரு மலர்வளையம் வந்தது. புளோறன்ஸ் அதைத் தூக்கி வாய்க்காலில் எறிந்தாள்.

அவனும் தமிழன்தானே, தன்னையும் இழுத்துப் போட்டுவிடுவார்கள் என்று பயந்திருப்பான் என அவனுக்காக வக்காலத்து வாங்க வந்தவர்களும் உண்டு. வந்த வழியே போனார்கள். பயத்தைப் பற்றி அவளுக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். றொபேட்டை எனக்குத் தெரியும் என்று அவன் தன் வாயால், நாலு பேருக்கு முன்னால் சொல்ல வேண்டும். அது இந்தப் பிறவியில் நடக்காது என்று நினைத்ததால், அவன் குடி கெட வேண்டும் என்று கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி வந்தாள். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. அவள் அந்தோனியாருக்கே மறைக்கவில்லை.

புருசன் விட்ட வேலையை அவள் எடுத்தாள். துணைக்குக் காளியப்பன் இருந்தான். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து கொழும்புக்கு வந்து, றொபேட்டோடு பழகிய வேலையாள். பேச்சு குறைவு, பலகை பிடிக்கிற கை மட்டும் பிசகாது. "றொபேட் கோஷ்டி" என்றால் பலகை எழும்பாது என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில்தான் இருவரும் சோறு தின்றார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் சிவானந்தன் தனக்கே ஒரு வீடு கட்டினான். வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில். மகனுக்குக் கலியாணம் பொருந்தியிருந்தது. கலியாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன் உருக்குவார்கள் அல்லவா, அந்தச் சடங்கைப் புது வீட்டில், பலகை போட்ட ஹோலில் வைக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. நாள் குறித்தாகிவிட்டது. புளோறன்ஸுக்கு ஆள் அனுப்பினான்.

அவள் போனாள். அவன் தலை நரைத்து, வயிறு முன்னுக்கு வந்திருந்தது.

"வாங்கோ. ஹோலைப் பாருங்கோ. உங்கட மனுசன் போடுற மாதிரி வேணும்," என்றான்.

உங்கட மனுசன்! பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் சிரித்துக்கொண்டு, "ஓம் சேர், செய்து தாறன்," என்றாள்.

"ஈரம் பாத்துச் சொல்லுங்கோ. மழைக்குள்ள போட்ட கொங்கிறீற். காயேல்லை எண்டா எனக்கு ஒண்டுமில்லை, ரைல்ஸ் பதிச்சிட்டுப் போறன். பலகையை ஒட்டிப்போட்டு அது எழும்பினா மானம் போயிடும்."

அவன் வாயாலேயே வழியைச் சொல்லிக் கொடுத்தான். புளோறன்ஸ் பொலித்தீன் விரித்து ரேப் ஒட்டிவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் சிவானந்தன் வருமுன்பே போய்ப் பார்த்தாள். உள்பக்கம் தண்ணீர் ஓடி வழிந்தது. கீழே கொங்கிறீற் கறுத்துப்போய் இருந்தது. றொபேட் என்றால் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். அவள் அதை உரித்துச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். ஜன்னலோரமாக இன்னொரு இடத்தைப் பார்த்து, மேசை கதிரைக்குப் பூசுகிற நிறமில்லாத வார்னிஷை அங்கே இரண்டு பூச்சுப் பூசினாள். காய்ந்ததும் மினுக்கம் தெரியாமல் சிமெந்துத் தூளைத் தேய்த்தாள். அதற்கு மேல் புதுப் பொலித்தீனை ஒட்டினாள். வார்னிஷைத் தாண்டி ஈரம் எங்கே வரும்?

அடுத்த நாள் சிவானந்தன் முழங்காலிட்டு, பொலித்தீனின் மூலையை உயர்த்தி, உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது.

"அப்ப தார்ப் பூச்சும் தேவையில்லை, என்ன?"

"தேவையில்லை சேர்."

"நீங்கள் சொன்னாச் சரி," என்று எழுந்து போனான்.

அவன் நம்பியதைப் பார்க்க அவளுக்கு இனித்தது. அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். ஈரமும் நின்றுதான் கொல்லும். நிற்க அவளுக்குப் பொறுமை இருந்தது; பொலிஸ் வாசலில் நின்று பழகியவள்.

காளியப்பன் வந்தவன் நேரே ஜன்னலோரம் போய்க் குந்தி, அந்த இடத்தைக் கையால் தடவினான். பிறகு நடு ஹோலுக்குப் போய், உடைத்து வைத்திருந்த ஒரு பலகைத் துண்டைக் கவிழ்த்து வைத்து, கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தான்.

"அக்கா, இது ஈரங்க."

"தெரியும்."

"தெரிஞ்சா எப்புடிங்க ஒட்டுறது? நம்ம வேலையா இது? அண்ணே பேரு கெட்டுப் போயிருமே."

"அந்தப் பேரை வைச்சு நாக்கு வழிக்கிறதோ, காளியப்பன்? உங்கட அண்ணையைத் தெரியாது எண்டவன் வீடு இது. கம் வாளியைத் திற."

காளியப்பன் திறந்தான். அதற்கு மேல் மறுத்துப் பேசுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. ஆனால் அந்த வேலை முடியும்வரை அவள் கொண்டுபோன சோற்றுப் பார்சலை அவன் தொடவில்லை. ஒழுங்கை முனைக் கடையில் பணிசும் தேத்தண்ணியுமாக இருந்தான். அவளுக்கு அது உறைத்தது. உறைத்தாலும் அவள் நிறுத்தவில்லை. பலகைகளைப் பார்த்துப் பார்த்துப் பொருத்தி, இடைவெளி தெரியாமல் நெருக்கி ஒட்டினாள். நெருக்கமாக இருந்தால்தானே ஊதும்போது போக இடமில்லாமல் எழும்பும். பொலிஷ் போட்டு முடிந்தபோது ஹோல் பளபளவென்று கிடந்தது. சிவானந்தன் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்து நடந்து பார்த்தான்.

குடிபுகும் நாளில் பால் பொங்க வைத்தார்கள். அதற்கு முன்னால் சிவானந்தனின் மனைவி ஒரு வேலை செய்தாள். ஊரில் சிமெந்து நிலத்தைக் கழுவிப் பழகிய கை. கழுவாத வீட்டில் விளக்கேற்றுவதா என்று சொல்லி, மஞ்சள் தண்ணீரை வாளி வாளியாகப் பலகையின் மேல் ஊற்றி, தும்புத்தடியால் தள்ளிக் கழுவிவிட்டாள். தகவல் கேள்விப்பட்ட புளோறன்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு மழை தொடங்கியது. முதலில் நடு ஹோலில் நடந்தால் டொக்கு டொக்கு என்று சத்தம் கேட்டது. பொன்னுருக்கல் அன்று காலையில் நிலம் ஆமை முதுகு மாதிரி எழும்பியிருந்தது. மேலே பாயை விரித்து மறைத்துப் பார்த்தார்கள். நெல்லைப் பரப்பி நிறைகுடம் வைத்து, பெண் வீட்டார் சுற்றி இருக்கும்போது, யாரோ பக்கத்தில் கால் வைக்க, கீழே பலகை தெறித்தது. நிறைகுடம் சரிந்து தேங்காய் உருண்டது. பெண்ணின் தாய் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாளாம். கலியாணம் நிற்கவில்லை, ஆனால் பெண் வீட்டார் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். வெள்ளவத்தை முழுக்க அதுதான் கதை. எஞ்சினியர் வீட்டு நிலமே இப்படி என்றால், அவர் கட்டி விற்ற வீடுகள் எப்படியோ என்று ஆட்கள் கதைத்தார்கள்.

புளோறன்ஸுக்கு அந்தக் கிழமை முழுக்கச் சாப்பாடு ருசித்தது. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குப் போய் பெரிய மெழுகுதிரியாகப் பார்த்துக் கொளுத்தினாள். அவன் கத்திக்கொண்டு வாசலுக்கு வருவான், வந்தால் என்ன சொல்வது என்று சொற்களைக் கூராக்கி வைத்திருந்தாள். அவன் வரவில்லை. வழக்குக்குப் போகாமல் பேசித் தீர்த்துவைக்கிற இணக்கசபையில் முறைப்பாடு கொடுத்து அவளைக் கூப்பிட்டிருந்தான்.

இணக்கசபை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூடியது. சின்ன வாங்குகளில் பெரிய ஆட்கள் மடங்கி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு சிங்களப் பெரியவர், அவருக்குப் பக்கத்தில் உம்மு குல்தூம் என்கிற, பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்ற ரீச்சர். ரீச்சர்தான் இரண்டு பாஷையையும் மாற்றி மாற்றிச் சொன்னார். காளியப்பன் கதவோரம் நின்றான். சிவானந்தன் மனைவியோடு வந்திருந்தான்.

ரீச்சர் முதலில் கேட்டது மனைவியைத்தான்.

"நிலத்தைக் கழுவினீங்களா?"

"ஓம், குடிபுகுறதுக்கு முதல் மஞ்சள் தண்ணி ஊத்திக் கழுவினனான். கழுவாமல் எப்பிடி?"

ரீச்சர் சிரித்துவிட்டார். "அல்லாஹ்வே! பலகைக்கு வாளியால தண்ணி ஊத்தினா அது ஊதாம வேற என்ன செய்யும்?" என்று சொல்லிவிட்டு, பெரியவருக்குச் சிங்களத்தில் சொன்னார். அவரும் தலையை ஆட்டிச் சிரித்தார். பின்வாங்கில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

புளோறன்ஸ் வாயே திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இல்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்திருந்தது. பேசாமல் இருந்தால் வீட்டுக்குப் போகலாம். அவன் நிலமும் போய், மானமும் போய், பழியும் அவன் மனைவியின் தலையில் விழும்.

சிவானந்தனுக்கு முகம் கறுத்துப்போனது. மனைவியைப் பார்த்து ஊர் சிரிப்பதை அவனால் தாங்க முடியவில்லை. எழுந்து, முதலில் பெரியவரைப் பார்த்துச் சிங்களத்தில் தொடங்கி, பிறகு தமிழுக்கு மாறினான்.

"தண்ணி இல்லை காரணம்! இவையின்ர வேலை எனக்குத் தெரியும். இவவின்ர மனுசன் றொபேட், நான் கட்டின வீடெல்லாத்துக்கும் அவர்தான் நிலம் போட்டவர். எத்தினை வீட்டில பூசைக்குப் பூசை கழுவிறாங்கள், ஒரு பலகை எழும்பேல்லை. நிலம் காயாமல் அவர் ஒரு துண்டு ஒட்டமாட்டார். நான் அவசரப்படுத்தினாலும் ஒட்டமாட்டார். பொய் சொல்லத் தெரியாத மனுசன் அவர். இது அவற்ர வேலை மாதிரி இல்லை. இது வேணுமெண்டு செய்தது."

"அப்ப அந்த றொபேட்ட உங்களுக்கு நல்லாத் தெரியும்," என்றார் ரீச்சர்.

"தெரியாமல்? கூடப்பிறந்தவன் மாதிரித் தெரியும்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவன் புளோறன்ஸின் முகத்தைப் பார்த்தான். அந்த வகுப்பறையில் காளியப்பனைத் தவிர வேறு யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவனுக்கு விளங்கிவிட்டது. மெல்ல வாங்கில் இருந்தான்.

இவ்வளவு காலம் கேட்டுக் கிடந்த வார்த்தை, இவ்வளவு லேசாக, மூச்சு வாங்காமல் வந்து விழுந்திருக்கிறது. பெரிய சந்தோசம் வரும் என்று புளோறன்ஸ் நினைத்திருந்தாள். வந்தது கோபம்தான், முன்னையதைவிடப் பெரிய கோபம். இவனுக்கு இது முடியாத காரியம் இல்லை. ஒருநாளும் முடியாததாக இருந்ததும் இல்லை. அதோடு இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. றொபேட்டின் வேலை எழும்பாது என்று இவன் சொல்லிவிட்டான். தண்ணீர்தான் காரணம் என்று அவள் இப்போது பேசாமல் இருந்துவிட்டால், றொபேட் கோஷ்டி போட்ட நிலம் இரண்டு வாளித் தண்ணீருக்கு எழும்பியது என்றுதான் ஊர் சொல்லும். கதவோரம் நின்ற காளியப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் எழுந்தாள்.

"ரீச்சர், சேர் சொல்றது சரி. அந்த அம்மா கழுவினதில பிழை இல்லை. நிலம் ஈரமெண்டு தெரிஞ்சுதான் நான் ஒட்டினனான். சேர் பாத்த இடத்தில வார்னிஷ் பூசி ஏமாத்தினனான். என்ர மனுசன் இருந்திருந்தா இதைச் செய்ய விட்டிருக்கமாட்டார். காளியப்பனும் வேண்டாம் எண்டுதான் சொன்னவன்."

ரீச்சர் பாஷை மாற்றிச் சொல்ல மறந்துபோனார். பெரியவர், "என்ன, என்ன?" என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் பிள்ளை அப்படிச் செய்தீங்க?" என்றார் ரீச்சர் கடைசியில்.

"என்ர மனுசனைப் பொலிஸ் பிடிச்ச நேரம் சேருக்குத்தான் போன் எடுத்தவங்கள். இப்ப சொன்னாரே, இதில அரைவாசியைச் சொல்லியிருந்தாலும் அவர் அண்டு பின்னேரமே வீட்டை வந்திருப்பார். தெரியாது எண்டிட்டார். ஒரு பலகைக்காகச் சொல்ல வந்த வாய் அண்டைக்கு வரேல்லை."

சிவானந்தனின் மனைவி புருசனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு இது புதுச் செய்தி என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. குனிந்தபடி, "பயந்திட்டன், புளோறன்ஸ்," என்றான்.

"நானும் பயந்துதான் சேர் இருந்தனான். பயந்து பயந்து அந்த வாசலிலதான் நிண்டனான்."

ரீச்சர் பெரியவருக்கு எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னார். பலகைகளைக் கழற்றி, நிலத்தைக் காயவிட்டு, திரும்பவும் ஒட்டித் தர வேண்டும் என்று ரீச்சர் எழுதினார். புளோறன்ஸ் கையெழுத்துப் போட்டாள். சிவானந்தன் அதெல்லாம் வேண்டாம் என்று ஏதோ முணுமுணுத்தான். அவள் கேட்கவில்லை. அவனுக்காகச் செய்கிற வேலை இல்லை அது. அடுத்த கிழமையே அவளும் காளியப்பனும் அந்த வீட்டுக்குப் போய் நடு ஹோலில் குந்தியிருந்து, ஊதிப்போன பலகைகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார்கள். மத்தியானம் அவள் சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது காளியப்பன் கை கழுவிவிட்டு வந்து பக்கத்தில் இருந்தான். சிவானந்தன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பொறுப்பதுபோல என்கிற அந்த இடம் வந்தபோது புளோறன்ஸ் வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டாள்.